கம்பியின் கதை – 9: கேரல்டன் ஊரில் ஒரு கம்பி ஆலை

பெருநகரங்களின் தரைக்கடியில் கேபிள் பரவிய விதத்தைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அமெரிக்காவில் அந்தக் கேபிள்களைச் செய்து கொடுத்தவை பெரும்பாலும் வடகிழக்கு மாநிலத்து ஆலைகள். கனெக்டிகட்டின் நாகடக் ஆற்றங்கரை ஊர்களிலும் நியூஜெர்சியிலும் தாமிரத்தையும் பித்தளையையும் உருக்கி உருட்டுவது பரம்பரைத் தொழிலாகவே இருந்தது. கம்பி வேண்டும் என்றால் நாடே அந்தப் பக்கம்தான் திரும்பிப் பார்க்கும்.

இந்தப் பகுதியில் தெற்கே இறங்குகிறோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் போனால் கேரல்டன் என்ற சிற்றூர் வரும். இன்னும் கொஞ்சம் போனால் அலபாமா எல்லை. செம்மண் பூமி. பருத்தி, சோளம், கொஞ்சம் நூற்பாலை வேலை, இவைதான் பிழைப்பு. தாமிரச் சுரங்கம் கிடையாது, உருக்காலை கிடையாது, கம்பி இழுக்கத் தெரிந்த ஆளும் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் 1950 மார்ச்சில் பன்னிரண்டு தொழிலாளர்களோடும் பழைய இயந்திரங்களோடும் சவுத்வயர் என்ற கம்பி ஆலை ஒன்று தொடங்கியது. உலகம் முழுக்கத் தாமிரக் கம்பி செய்யும் முறையையே பிற்காலத்தில் மாற்றிய ஆலை அது.

இதைப் புரிந்துகொள்ள 1930களுக்குப் போக வேண்டும்.

அன்றைக்கு அமெரிக்க நகரங்களில் பத்து வீட்டில் ஒன்பதில் மின்விளக்கு எரிந்தது. நாட்டுப்புறத்திலோ பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். தென்மாநிலங்களில் அதுவும் இல்லை. தனியார் மின்நிறுவனங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தன. ஒரு மைல் தூரத்துக்குக் கம்பி இழுக்க 1,500 முதல் 2,000 டாலர் வரை செலவு. அந்த ஒரு மைலில் இருப்பதோ இரண்டு மூன்று வீடுகள். அவர்கள் மாதம் எத்தனை யூனிட் எரித்துவிடப் போகிறார்கள்? கட்டுப்படியாகாது என்று கைவிரித்துவிட்டார்கள். கிணற்றில் தண்ணீர் இறைப்பதும், அடுப்பில் இரும்பைக் காய வைத்துத் துணி தேய்ப்பதும், மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளைகள் படிப்பதும் அப்படியே நடந்துகொண்டிருந்தன.

ஜார்ஜியாவுக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. போலியோவால் கால்கள் செயலிழந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1924இல் சிகிச்சைக்காக அந்த மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு வந்தார். அங்கே ஒரு சிறு வீட்டில் குடியிருந்தவருக்கு மின்கட்டணச் சீட்டு வந்தது. யூனிட்டுக்கு 18 சென்ட். நியூயார்க் மாநிலத்தில் அவருடைய சொந்த ஊரான ஹைட் பார்க்கில் கட்டியதைப் போல நான்கு மடங்கு. அந்தச் சீட்டுதான் தன்னை இந்தப் பிரச்சினையைப் பற்றி யோசிக்க வைத்தது என்று பின்னாளில் குடியரசுத் தலைவராக அவரே சொன்னார். 1938 ஆகஸ்ட் 11 அன்று ஜார்ஜியாவின் பார்ன்ஸ்வில்லில் ஒரு கிராம மின் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிவைத்த கூட்டத்தில் சொன்னது அது.

அதற்கு முன்பே, 1935 மே 11 அன்று, ஓர் ஆணையின் மூலம் ஊரக மின்மயமாக்க நிர்வாகத்தை அவர் அமைத்திருந்தார். மறு ஆண்டு மே மாதம் அது சட்டமாயிற்று. திட்டம் எளிமையானது. தனியார் நிறுவனம் வராவிட்டால் போகட்டும், விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொள்ளலாம். அரசு குறைந்த வட்டிக்கு நீண்ட காலக் கடன் கொடுக்கும். சங்கம் கம்பி இழுத்து, மின்சாரத்தை மொத்த விலைக்கு வாங்கி, உறுப்பினர்களுக்கு விநியோகித்து, வரும் பணத்தில் கடனை அடைக்கும். உறுப்பினர் கட்டணம் பெரும்பாலும் ஐந்து டாலர். பஞ்ச காலத்துப் பருத்தி விவசாயிக்கு அதுவே பெரிய தொகை.

இங்கேதான் ராய் ரிச்சர்ட்ஸ் வருகிறார். 1912இல் பிறந்தவர், கேரல்டன் பக்கத்துக்காரர். அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்து 1935இல் பட்டம் பெற்றார். ஊருக்குத் திரும்பி மர அறுவை மில் நடத்தினார். 1937இல் மின்கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். நிறுவனத்தார் இன்றைக்கும் தங்கள் கதையை அவருடைய பாட்டி வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவந்ததிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பாட்டி வீட்டில் விளக்கெரிந்தது அழகான தொடக்கம்தான். ஆனால் அதற்குப் பின்னால் அரசுக் கடனின் பேரேடு ஒன்று இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். கூட்டுறவுச் சங்கத்தின் கையில் காசு இருந்ததால்தான் ரிச்சர்ட்ஸுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. 1939க்குள் அவருடைய ஆட்கள் ஏறத்தாழ 3,500 மைல் நீளத்துக்குக் கம்பி இழுத்திருந்தார்கள். ஊரக மின்மயமாக்கத் திட்டத்தின் ஒப்பந்தக்காரர்களில் நாட்டிலேயே இரண்டாம் இடம்.

இரண்டே ஆண்டில் இவ்வளவு தூரம் எப்படி முடிந்தது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். முன்னால் ஒரு குழு அளந்து முளை அடித்துக்கொண்டே போகும். அடுத்த குழுவுக்குக் குழி தோண்டுவது மட்டும்தான் வேலை. அதன் பின்னால் கம்பம் நிறுத்துகிறவர்கள். அதற்கும் பின்னால் பீங்கான் இன்சுலேட்டரை மாட்டிக் கம்பியை இழுத்துக் கட்டுகிறவர்கள். ஒவ்வொரு குழுவும் ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்ததால் கை பழகியது, வேகம் கூடியது. லைனின் வடிவத்தையும் சுருக்கினார்கள். நகரத்து மூன்று ஃபேஸ் லைனுக்குப் பதிலாக 7,200 வோல்ட்டில் ஒரு ஃபேஸ் கம்பி, ஒரு நியூட்ரல், இரண்டே கம்பிகள். ஒவ்வொரு பண்ணைக்கும் கம்பத்திலேயே ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர்.

அந்தக் கம்பிதான் செலவைக் குறைத்ததில் முக்கியமானது. நடுவில் துத்தநாகம் பூசிய எஃகு இழை ஒன்று. அதைச் சுற்றி ஆறு அலுமினிய இழைகள். ஏ.சி.எஸ்.ஆர். என்று மின்வாரியத்தில் வேலை பார்க்கும் எவரும் சொல்வார்கள். தாமிரம் கடத்துவதில் 61 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். ஆனால் எடை தாமிரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே அதே மின்சாரத்தைப் பாதி எடையில் கொண்டுபோய்விடலாம். அலுமினியத்துக்கு இழுவிசை தாங்கும் வலு குறைவு. அந்தக் குறையை நடுவில் இருக்கும் எஃகு ஈடுகட்டுகிறது. இழுத்துக் கட்டினாலும் தொய்வு குறைவு, அறுந்துபோகாது. அதனால் கம்பத்துக்குக் கம்பம் இடைவெளியைக் கூட்டலாம். ஒரு மைலுக்கு நட வேண்டிய கம்பங்கள் குறைந்தன, தோண்ட வேண்டிய குழிகளும் குறைந்தன. மைலுக்கு ஆகும் செலவு ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கியது. தனியார் நிறுவனங்கள் முடியாது என்று சொன்ன கணக்கைத் தலைகீழாக்கியதில் இந்த ஏழு இழைக் கம்பிக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் ஊர் லைன்மேன்கள் இந்தக் கம்பிகளைத் தடிமனுக்கேற்ப வீசல், ராபிட், டாக், பாந்தர் என்று விலங்குப் பெயர்களால் அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். அது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்காவில் எல்லாம் பறவைகள்: ஸ்பேரோ, ரேவன், பென்குவின். கேரல்டனில் இழுக்கப்பட்டவை அந்தப் பறவைகள்.

எல்லாருக்கும் விளக்கு எரிந்துவிட்டது என்று எழுதிவிட முடியாது. சொந்த நிலம் உள்ளவர் வீட்டுக்குக் கம்பி முதலில் போனது. அவர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர்களின் குடிசைகளுக்குப் பிறகுதான், பல இடங்களில் வெகுகாலம் கழித்துத்தான், போனது. தெற்கில் அப்படி வாரத்துக்கு உழுதவர்களில் பெரும்பகுதி கறுப்பின மக்கள். கம்பம் குடிசை வாசலைத் தாண்டிப் போகும், ஆனால் வீட்டுக்குள் ஒயரிங் செய்யக் காசிருக்காது. சொந்தமில்லாத வீட்டுக்கு யார் செலவு செய்வது என்ற கேள்வியும் எழும். ஊரக மின்மயமாக்கம் இருபதாம் நூற்றாண்டின் மகத்தான பொதுக் காரியங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காரியம் யாரை எத்தனை காலம் காக்க வைத்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான்.

1941 இறுதியில் அமெரிக்கா போருக்குள் நுழைந்தது. ரிச்சர்ட்ஸ் ராணுவத்துக்குப் போனார். தாமிரம் தோட்டா உறைகளுக்கும் அலுமினியம் விமானங்களுக்கும் திருப்பிவிடப்பட்டன. கிராமத்து லைன் வேலை ஏறக்குறைய நின்றுபோனது. ஆனால் போர் முடியும் முன்பே அடுத்த கட்டத்துக்கு வழி திறந்துவிட்டது. ஜார்ஜியாவின் பிரதிநிதியான ஸ்டீவன் பேஸ் கொண்டுவந்த 1944ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு வட்டியை இரண்டு சதவீதமாக நிர்ணயித்து, அடைக்க 35 ஆண்டு அவகாசம் கொடுத்தது. போர் முடிந்ததும் சங்கங்கள் கடனுக்கு வரிசையில் நின்றன. ஒப்பந்தக்காரர்கள் தயார். கம்பங்கள் தயார், குழி தோண்ட ஆளும் தயார்.

கம்பி மட்டும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து மறுபடி தொழிலைத் தொடங்கிய ரிச்சர்ட்ஸுக்கு இதுதான் பெரிய தலைவலி. வடக்கே இருந்த ஆலைகளுக்கு நகர நிறுவனங்கள், தொலைபேசி, வீட்டு வசதி என்று நாலா பக்கமும் ஆர்டர். தெற்கே ஒரு சிற்றூர் ஒப்பந்தக்காரரின் ஆர்டர் எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பம் நட்டு வைத்துவிட்டுக் கம்பிக்குக் காத்திருந்தால் ஆட்களுக்குக் கூலி யார் கொடுப்பது? கம்பியை நாமே செய்துகொண்டால் என்ன என்ற முடிவுக்கு அவர் வந்தார். இதை வெறும் துணிச்சல் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எந்தக் கம்பி, என்ன தடிமன், எத்தனை மைல், யாருக்கு வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாங்குகிறவர் யார் என்று தெரியாமல் ஆலை கட்டுகிறவர்களுக்குத்தான் துணிச்சல் தேவை. ரிச்சர்ட்ஸுக்குத் தேவைப்பட்டது மூலப்பொருளும் இயந்திரமும்.

மூலப்பொருள் கிடைக்கும் காலமாக அது இருந்தது. போருக்கு முன் அமெரிக்காவில் அலுமினியம் என்றால் அல்கோவா என்ற ஒரே நிறுவனம்தான். உலோகத்தையும் அதுவே உருக்கும், ஏ.சி.எஸ்.ஆர். கம்பியையும் அதுவே விற்கும். 1945 மார்ச்சில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் அல்கோவாவின் ஏகபோகம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். போருக்காக அரசு கட்டிய அலுமினிய ஆலைகள் அடுத்த ஆண்டிலிருந்து ரெனால்ட்ஸ், கைசர் என்ற இரண்டு புதிய போட்டியாளர்கள் கைக்குப் போயின. ரெனால்ட்ஸின் பெரிய ஆலை ஒன்று பக்கத்து அலபாமாவிலேயே இருந்தது. பத்து ஆண்டு முன்னால் இதே யோசனை தோன்றியிருந்தால், தனக்குப் போட்டியாளரான ஒரே விற்பனையாளரிடம் போய் உலோகம் கேட்டு நிற்க வேண்டியிருந்திருக்கும். சிறு ஆலைகள் பிறப்பதற்கு நீதிமன்றத் தீர்ப்புகளும் காரணமாவதுண்டு. கம்பெனி வரலாறுகள் இதை எழுதுவது அரிது.

இயந்திரங்கள் பழையவை என்று சொன்னேன். கம்பி ஆலையின் வேலை அடிப்படையில் இரண்டுதான். விரல் தடிமனுள்ள ராடை, ஒன்றைவிட ஒன்று சிறிய துளையுள்ள டைகளின் வழியே வரிசையாக இழுத்து மெலிதாக்க வேண்டும். பிறகு மெலிந்த இழைகளை முறுக்க வேண்டும். முறுக்கும் இயந்திரத்தில் பெரிய சுழல்சட்டம் ஒன்று இருக்கும். அதில் ஆறு அலுமினிய உருளைகளை மாட்டி, நடுத்துளை வழியே எஃகு இழையை விட்டுச் சட்டத்தைச் சுற்றினால் ஆறும் எஃகின் மேல் சீராகப் படிந்து வரும். முறுக்கின் நீளம் ஒரு இடத்தில் கூடி ஒரு இடத்தில் குறைந்தால் போச்சு. கம்பத்தில் ஏற்றி இழுத்துக் கட்டும்போது ஒரு இழை தளர்ந்து புடைத்து நிற்கும், பாரம் மற்ற இழைகள் மேல் விழும். கம்பத்தின் மேலே நின்று அதை இழுத்துக் கட்டுகிறவனின் சிரமம் ரிச்சர்ட்ஸுக்குப் பாடம் கேட்டுத் தெரிந்ததல்ல, தன் ஆட்களிடமே பார்த்தது.

1950 மார்ச்சில் தொடங்கி மூன்றே மாதத்தில் கொரியப் போர் வந்தது. மறுபடி உலோகத் தட்டுப்பாடு. 1951இல் எஃகு, தாமிரம், அலுமினியம் மூன்றுக்கும் அரசு ஒதுக்கீட்டு முறை வந்தது. அதையும் தாண்டி இரண்டு ஆண்டுக்குள் 50 லட்சம் பவுண்டு, அதாவது 2,200 டன்னுக்கும் மேல், கம்பி ஆலையை விட்டு வெளியே போனது. கட்டடத்தை இரட்டிப்பாக்க வேண்டி வந்தது.

இதுவரை சொன்னது ஒரு வட்டார ஆலையின் வெற்றி. அந்த ஆலைக்கு உலக வரலாற்றில் இடம் கிடைத்தது ராடினால்.

அன்றைக்கு ராடு செய்த முறையைத் தாமிரத்தை வைத்துச் சொல்கிறேன். உருக்காலையிலிருந்து ஒயர்பார் என்ற நீளக்கட்டி வரும், ஒவ்வொன்றும் 110 கிலோ அளவில். அதைச் சூளையில் பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கிடையே திரும்பத் திரும்ப நசுக்கி 8 மில்லிமீட்டர் ராடாக்குவார்கள். ஒரு கட்டிக்கு ஏறத்தாழ 250 மீட்டர்தான் வரும். அதற்குமேல் வேண்டுமானால் அடுத்த சுருளோடு பற்றவைக்க வேண்டும். காய்ச்சியதால் மேலே படிந்த கருப்புச் செதிலைக் கந்தக அமிலத்தில் முக்கி எடுக்க வேண்டும். பற்றவைத்த இடம் எப்போதும் பலவீனமான இடம். மெல்லிய ஒயராக இழுக்கும்போது சரியாக அங்கேதான் அறும். அறுந்தால் இயந்திரத்தை நிறுத்தி, முனையைத் தேடிப் பிடித்து, டைகளில் ஒவ்வொன்றாகக் கோத்து, மறுபடி ஓட்ட வேண்டும். கம்பி ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். ஒரு ஷிப்டில் பாதி இதற்கே போய்விடும் நாட்களும் உண்டு.

1940களின் இறுதியில் இத்தாலியின் மிலான் நகரத்துப் பொறியாளர் இலாரியோ புரோபெர்சி இந்தத் தொல்லைக்கு அலுமினியத்தில் ஒரு வழி கண்டார். விளிம்பில் பள்ளம் வெட்டிய பெரிய சக்கரம். பள்ளத்தின் வாயை எஃகுப் பட்டை ஒன்று பெல்ட்டைப் போல மூடிக்கொண்டு கூடவே சுற்றும். ஒரு பக்கம் உருகிய உலோகத்தை விடுவார்கள், சக்கரத்தைச் சுற்றிலும் தண்ணீர் பீச்சிக் குளிர்விப்பார்கள். அரைச் சுற்றுக்கு மேல் போவதற்குள் உலோகம் உறைந்து, மறுபக்கம் முடிவில்லாத சட்டமாக வெளியே வரும். சூடு ஆறும் முன் அப்படியே உருளைகளுக்குள் நுழைந்து ராடாகச் சுருண்டு விழும். உலையில் உலோகம் இருக்கும் வரை ராடுக்கு முனையே கிடையாது. பற்று இல்லை, மறுபடி காய்ச்சும் வேலை இல்லை.

இந்த முறையை அமெரிக்காவில் ஆரம்பத்திலேயே கைக்கொண்டவர்களில் ரிச்சர்ட்ஸும் ஒருவர். அதோடு விட்டிருந்தால் நல்ல வியாபாரி என்ற பெயரோடு போயிருப்பார். தாமிரத்தையும் இப்படி வார்க்க முடியுமா என்று அவருடைய பொறியாளர்கள் கேட்டார்கள். லேசான காரியமல்ல. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், தாமிரத்துக்கு 1,085 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் சக்கரம் வேண்டும். உருகிய தாமிரம் காற்றிலிருந்து ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் குடித்துவிடும். உறையும்போது அந்த வாயு உள்ளே பொத்தல்களாகத் தங்கும். வளைந்த சட்டத்தைச் சூட்டோடு நிமிர்த்தினால் குறுக்கே விரிசல் விழும். ஆக்சிஜன் அளவையும் ஊற்றும் வேகத்தையும் தண்ணீர் பீச்சும் இடங்களையும் ஒன்றுக்கொன்று பொருத்தி, 1960களின் முதல் பாதியில் கேரல்டனில் அதைச் சாதித்தார்கள். எஸ்.சி.ஆர். என்ற பெயரில் அந்த முறை மற்ற ஆலைகளுக்கும் உரிமத்தில் விற்கப்பட்டது. தங்கள் போட்டியாளர்களுக்கே விற்றார்கள். உலகின் தாமிர ராடில் பெரும்பங்கு பிற்பாடு இந்த வகைச் சக்கரங்களில் வார்க்கப்பட்டதுதான். ஒயர்பார் என்ற சரக்கே மெல்ல மறைந்தது. தாமிரத்துக்கு உலக விலை நிர்ணயிக்கும் லண்டன் உலோகச் சந்தை 1980களில் ஒயர்பார் வணிகத்தை முடித்துக்கொண்டு கேதோடு தகடுகளுக்கு மாறியது.

கனெக்டிகட்டின் பழம்பெரும் ஆலைகளில் இது ஏன் நடக்கவில்லை என்பது நியாயமான கேள்வி. ஒயர்பாரை உருட்டும் பெரிய பெரிய மில்களில் அவர்கள் முதலைக் கொட்டியிருந்தார்கள். பலர் தாமிரச் சுரங்க நிறுவனங்களுக்கே சொந்தமாகிவிட்டிருந்தார்கள், ஒயர்பார் விற்பது அந்த முதலாளிகளின் தொழில். கேரல்டனுக்குக் காப்பாற்ற வேண்டிய பழைய மில் எதுவும் இல்லை. இது என் கணிப்பு. ஆனால் தொழில் வரலாற்றில் திரும்பத் திரும்ப இந்த மாதிரியைப் பார்க்கிறேன்.

1960களின் இறுதியில் நேஷனல் ஸ்டீல் நிறுவனத்தோடு சேர்ந்து கென்டக்கி மாநிலத்தின் ஹாஸ்வில்லில் அலுமினிய உருக்காலையையும் சவுத்வயர் எழுப்பியது. உலோகத்துக்காக யார் வாசலிலும் நிற்கக் கூடாது என்ற பழைய எண்ணம்தான் காரணமாக இருக்க வேண்டும். ரிச்சர்ட்ஸ் 1985இல் இறந்தார். நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போகாமல் குடும்பத்தின் கையிலேயே இருந்தது. தலைமையகம் இன்றைக்கும் கேரல்டன்தான்.

இதற்கிடையே 1960களின் நடுவில் தாமிர விலை ஏறத் தொடங்கியது. வீடு கட்டுகிறவர்கள் மலிவான அலுமினிய ஒயரைச் சுவருக்குள் இழுக்கச் சொன்னார்கள். கம்பத்தின் மேலே முப்பது ஆண்டு நம்பிக்கையாக உழைத்த உலோகம் வீட்டுக்குள் வந்தது. சுவிட்சிலும் பிளக்கிலும் இருந்த திருகுகளோ தாமிரத்துக்காகச் செய்யப்பட்டவை. 1965 முதல் 1972 வரை ஏறத்தாழ 20 லட்சம் அமெரிக்க வீடுகளில் அப்படி ஒயரிங் செய்தார்கள். இணைப்புகள் தளர்ந்து, சூடேறி, பற்றி எரியத் தொடங்கியபோது கம்பித் தொழில் முழுவதும் பதில் சொல்ல வேண்டி வந்தது. அடுத்த பகுதியில் அந்தத் திருகுகளைப் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)